அவளிடம் அனுப்பாத குழந்தை

போன சனிக்கிழமை தன் சலூன் டிவியின் வயரைப் பிடுங்கியவன் தம்பி வோன்சிக்தான் என்பது கும்ஹீக்கு இன்னும் தெரியாது.

வாரம் முழுவதும் அவள் கேபிள்காரனைத் திட்டித் தீர்த்தாள். பின்னே? தம்பி பெண்டாட்டி சூரான் டிவியில் வருகிறாள். குழந்தைகளுக்கு வரும் கழுத்து இழுப்பு, கண் சிமிட்டல், கழுவிய கையையே திரும்பத் திரும்பக் கழுவ வைக்கும் எண்ணச் சுழற்சி நோய் என்று நாட்டுக்கே விளக்கம் சொல்கிறாள். தலையில் சாயம் பூசிய பெண்கள் வரிசையாக உட்கார்ந்து வாய் பிளந்து பார்க்கிறார்கள். அந்த நேரம் பார்த்துத் திரை இருண்டால்?

"அவன் கை விளங்காமப் போக" என்றாள் கும்ஹீ. அந்தச் சாபம் யாரைச் சேர வேண்டுமோ, அவன் பக்கத்தில் நின்று அவளுக்குக் கிளிப் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

சலூனுக்கு மேல்மாடியில் வோன்சிக்கின் கிளினிக். அவனும் குழந்தைகள் மனநல மருத்துவன்தான். சூரானோடு ஒரே வகுப்பு. அவளைவிட ஒரு படி மேலாகவே தேறியவன். அவள் மேல்படிப்புக்கு வெளிநாடு போனபோது, வீட்டை யார் பார்ப்பது என்று ஆராய்ச்சியை விட்டுவிட்டு கொரியாவின் தேகு நகரில் இந்தச் சந்தைத் தெருவில் போர்டு மாட்டினான். அன்றைக்கு அதைத் தியாகம் என்றார்கள். இன்றைக்கு அப்படி யாரும் சொல்வதில்லை. இன்றைக்கு அவன் 'சூரான் வீட்டுக்காரர்'.

இன்னொன்றும் உண்டு. இழுப்பு வருவதற்கு முன்னால் உடம்புக்குள் ஓர் உறுத்தல் வருகிறது, அந்த உறுத்தலோடு மல்லுக்கட்டாமல் அதைத் தாண்டிப் போகப் பிள்ளைக்குப் பழக்கினால் இழுப்பு அடங்கும். பயிற்சி மருத்துவர்களாக இருந்த காலத்தில், பன்றிக்கறி சூப் கடையில் உட்கார்ந்து சூரானுக்கு இதைச் சொன்னவன் அவன். அதுவும் அவன் கண்டுபிடிப்பு இல்லை, பழைய புத்தகங்களிலேயே இருந்தது. சொன்னது அவன். வருஷக்கணக்கில் குழந்தை குழந்தையாகப் பார்த்து நிரூபித்தது அவள். மனசின் ஏதோ ஒரு மூலையில் இந்த நியாயம் அவனுக்குத் தெரியும். அந்த மூலைப் பக்கம் அவன் அதிகம் போவதில்லை.

இந்தச் சனிக்கிழமை காலை, கடைசி நோயாளியாக யேசோல் வந்தாள்.

ஆறாம் வகுப்புப் படிக்கிற பெண். கூடவே அவள் அப்பா. டயர் கடை வைத்திருக்கிறார், மனைவி இல்லாமல் மகளைத் தனியாக வளர்க்கிறவர். யேசோலின் கழுத்து வலப்பக்கமாகப் பின்னால் சடாரென்று வெட்டி இழுக்கும். ஒரு முறை இழுத்தால் நிற்காது. ஏதோ ஒன்று சரியாகும்வரை மறுபடி, மறுபடி. வசந்த காலத்திலிருந்து வோன்சிக் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தான். முதலில் கேட்டது. அப்புறம் கேட்கவில்லை.

"இந்த வாரம் எப்படிம்மா இருந்துச்சு?"

"பரவால்ல" என்றாள் யேசோல், தரையைப் பார்த்துக்கொண்டு. கழுத்து வெட்டியது. சுவரில் இருந்த படம்கூட ஆடிவிடும் போல இருந்தது அந்த வேகம்.

"பரவால்லயாம்" என்றார் அப்பா. "சாப்பிடறப்போ குச்சி நழுவி நழுவி விழுது டாக்டர். விரல் மரத்துப் போற மாதிரி இருக்காம். தூக்கக் கலக்கமா இருக்கும்னு நெனச்சேன்."

வோன்சிக் அவள் கையைப் பிடித்து, "இறுக்கிப் பிடி" என்றான். பிடித்தாள். இடது கை அளவுக்கு வலது கை இறுகவில்லை. கொஞ்சம்தான் வித்தியாசம். சின்னப் பிள்ளை, தூக்கம் போதாது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் இவ்வளவு வேகமாக வெட்டும் கழுத்து, உள்ளே தண்டுவடத்தை நசுக்க ஆரம்பித்தால் முதலில் விரல்தான் மரக்கும் என்பது அவனுக்குத் தெரியும்.

"ஒரு ஸ்கேன் பார்த்துடலாம். திங்கட்கிழமை."

ஏன் திங்கட்கிழமை? ஊருக்குள் இருக்கும் ஸ்கேன் நிலையம் சனி, ஞாயிறு திறக்காது. இன்றே எடுக்க வேண்டுமானால் பல்கலைக்கழக மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். அங்கே சூரான் இருந்தாள்.

யேசோலின் அப்பா எழுந்து, தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு நின்றார்.

"டாக்டர், தப்பா நெனைக்காதீங்க. டிவில ஒரு லேடி டாக்டர் வந்தாங்களே, இதுக்குன்னே ஆராய்ச்சி பண்றவங்க. அவங்ககிட்ட ஒரு தடவை காட்டினா என்ன?"

அந்த லேடி டாக்டர் வோன்சிக்கின் மனைவி என்று அவருக்குத் தெரியாது. கொரியாவில் எந்தப் பெண் கணவன் பெயரைப் போட்டுக்கொள்கிறாள்?

வோன்சிக்குக் காதுமடல் சுட்டது. தன் கிளினிக்கில், தன் நாற்காலிக்கு எதிரில், தன் நோயாளியின் வாயிலும் அவளேதானா?

"அது ஆராய்ச்சிங்க" என்றான். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "அங்க உங்க பிள்ளையைப் பிள்ளையாப் பார்க்க மாட்டாங்க. எலி மாதிரி வெச்சுப் பார்ப்பாங்க. நம்ம மருந்தையே ஒரு மாசம் மாத்திப் பார்ப்போம்."

"அய்யோ, அப்படியா?" என்றார் அப்பா. "நல்லவேளை உங்ககிட்டக் கேட்டேன். ரொம்ப நன்றி டாக்டர்."

இடுப்பு வளைய வணங்கிவிட்டுப் போனார்.

அன்றைக்குக் கும்ஹீ வீட்டில் குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போடும் நாள். முந்தின நாளே உப்பில் ஊறிய நீள முட்டைக்கோஸ்கள் கழுவி, குவியலாக வடிந்துகொண்டிருந்தன. கூடத்தில் பிளாஸ்டிக் விரித்து, நடுவில் பெரிய தொட்டி நிறைய மிளகாய்ப்பொடியும் பூண்டும் முள்ளங்கியும் உப்பில் ஊறிய இறாலும் பிசைந்து வைத்திருந்தது. சலூன் வாடிக்கைக்காரிகள் நாலைந்து பேர் சிவப்பு ரப்பர் உறை மாட்டி, முழங்கால் மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். அடுப்பில் பன்றிக்கறி வெந்தது.

"வாடா டாக்டரு" என்றாள் கும்ஹீ. "சின்ன டாக்டர் வந்தாச்சு. பெரிய டாக்டர் எங்க?"

பெண்கள் சிரித்தார்கள்.

"அவளுக்கு வேலை."

"இருக்காதா பின்ன? ஊர்ப் பிள்ளைங்க பூரா அவ தலைலதான். ஏன்டா, என் வாடிக்கைக்காரி ஒருத்தி அவகிட்ட நம்பர் வாங்கித் தரச் சொல்றா. அடுத்த வசந்தம் வரைக்கும் இடமே இல்லையாமே? உன்கிட்ட?"

"நாளைக்கே வரலாம்" என்றான் வோன்சிக்.

"அதான் சொன்னேன். நாளைக்கே வரலாம்னா யாரு வருவா?"

மறுபடி சிரிப்பு. கும்ஹீக்கு விஷம் கிடையாது. அவனைத் தூக்கி வளர்த்தவள், அவன் படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் பள்ளிக்கூடத்தை விட்டுக் கத்தரிக்கோல் பிடித்தாள். அதனாலேயே அவள் சொன்னது ஆழமாக இறங்கியது. உறையை மாட்டிக்கொண்டு ஒரு முட்டைக்கோஸை எடுத்து, இலை இலையாகப் பிரித்து மிளகாய்ச் சாந்தை அப்பினான். கொஞ்சம் பலமாகவே அப்பினான்.

"அது என்ன பாவம்டா பண்ணுச்சு?" என்றாள் அக்கா.

சூரான் வந்தபோது கறி வெந்து முடிந்திருந்தது. "அண்ணி, மன்னிச்சுக்கோங்க" என்று கோட்டைக் கழற்றியபடியே உள்ளே வந்தாள். எழுந்திருக்கத் தேவையில்லாத வயதுள்ள பெண்கள்கூட எழுந்து இடம் விட்டார்கள். ஒருத்தி தன் உறையைக் கழற்றி நீட்டினாள். வோன்சிக் வந்தபோது அவன் உறையை அவனேதான் மூலையில் தேடி எடுத்தான்.

அவள் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"சாப்டீங்களா?"

"ம்."

"ஒரு விஷயம் கேக்கணும்." குரலைத் தாழ்த்தினாள். "ஆராய்ச்சியில ஒரு இடம் காலியா இருக்கு. இந்த மாசத்தோட சேர்க்கை முடியுது. கழுத்து இழுப்பும், சரியாகற வரைக்கும் திரும்பத் திரும்பச் செய்யற கட்டாயமும் ரெண்டும் சேர்ந்து இருக்கற பிள்ளை வேணும். பத்து, பன்னெண்டு வயசு. உங்ககிட்ட அப்படி யாராவது வர்றாங்களா?"

யேசோல் வந்து கண் முன்னால் நின்றாள். தரையைப் பார்த்துக்கொண்டு, "பரவால்ல" என்று.

"இல்ல" என்றான் வோன்சிக்.

"யாருமேவா?"

"இல்லேங்கிறேன்ல? என் கிளினிக் என்ன உன் மருத்துவமனையா, வகைக்கு ஒண்ணு வெச்சிருக்க?"

சூரான் அவனைப் பார்த்தாள். ஒரு முட்டைக்கோஸை எடுத்துக்கொண்டாள்.

கும்ஹீ புதுக் கிம்ச்சியில் ஒரு துண்டு கறியைச் சுருட்டி, முதல் வாயாக சூரானுக்குத்தான் ஊட்டினாள். "எங்க வீட்டுக்கு வந்த அதிர்ஷ்டம்டி நீ."

அப்புறம் இன்னொன்று சுருட்டி வோன்சிக் பக்கம் நீட்டினாள். "இந்தா, நீயும் தின்னு. மூஞ்சியப் பாரு, உப்புல ஊறுன கோஸ் மாதிரி."

அவன் மென்றான். ருசி தெரியவில்லை. இன்னும் கழுவாமல் மீதியிருந்த கோஸைக் கழுவித் தரச் சொன்னாள் அக்கா. உறையைக் கழற்றிவிட்டுக் குழாயடிக்குப் போனான். ஐஸாகக் கொட்டிய தண்ணீரில் விரல்கள் விறைத்தன. ஒரு கோஸ் கையிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து எடுத்தான். மறுபடி நழுவியது.

அப்படியே நின்றான்.

குளிர்ந்த தண்ணீரில் மரத்த விரல் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். அந்தப் பெண்ணுடையது?

வராந்தாவுக்குப் போய் யேசோலின் அப்பாவுக்குப் போன் செய்தான்.

"டாக்டர்! நானே கூப்பிடணும்னு இருந்தேன். சட்டை பட்டனைப் போட முடியலங்கறா. நடக்கறப்போ வலது கால் லேசா இழுக்குது. தூங்கி எழுந்தா சரியாயிடும்ல?"

"தூங்க வைக்காதீங்க" என்றான் வோன்சிக். "பல்கலைக்கழக மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு உடனே கூட்டிட்டுப் போங்க. கழுத்தை அசைக்காமப் பார்த்துக்கோங்க. நானும் வர்றேன்."

"அங்கயா? நீங்கதானே காலைல..."

"போங்க. உடனே போங்க."

கூடத்துக்கு வந்தான். எல்லோரும் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சூரானைத் தனியே கூப்பிட்டுச் சொல்லலாம். அதற்குள் ஏதாவது ஒரு சால்ஜாப்பு நாக்கில் வந்து உட்கார்ந்துவிடும் என்று அவனுக்கு அவனைப் பற்றியே பயமாக இருந்தது.

"சூரான்" என்றான் சத்தமாக. பேச்சு நின்றது. "நீ கேட்ட மாதிரி ஒரு பிள்ளை இருக்கா. வசந்த காலத்துலேருந்து என்கிட்ட வர்றா. இல்லைன்னு பொய் சொன்னேன்."

கும்ஹீயின் கையில் இருந்த கோஸ் அந்தரத்தில் நின்றது.

"இப்ப கை மரக்குது. கால் இழுக்குது."

சூரான் கேட்டிருக்கலாம், ஏன் என்று. கேட்கவில்லை. உறையை உருவிக்கொண்டே எழுந்தாள். "எந்தக் கை?"

"வலது."

"எப்பலேருந்து?"

"இந்த வாரம். காலைலயே தெரியும் எனக்கு."

"சாவி எங்க?" என்றாள்.

காரில் அவள் அவனோடு பேசவில்லை. மருத்துவமனையோடு பேசினாள். நரம்பு அறுவை மருத்துவர் யார் பணியில் இருக்கிறார், ஸ்கேன் அறையைத் தயாராக வையுங்கள், பிள்ளை வந்ததும் கழுத்துப் பட்டை போடுங்கள். ஒவ்வொரு வாக்கியமும் வெட்டி வைத்தது போல இருந்தது. அவள் ஒரு வார்த்தை சொன்னதும் அந்தப் பக்கம் ஆட்கள் ஓடுவது போனிலேயே கேட்டது. வண்டியை ஓட்டியபடி வோன்சிக் அதைக் கேட்டான். இந்த நேரத்திலும் அவனுக்கு ஒன்று தோன்றியது. தான் கூப்பிட்டிருந்தால் காத்திருப்பு இசைதான் ஓடியிருக்கும். இப்படி நினைத்ததற்காகத் தன்னையே அறைய வேண்டும் போல இருந்தது அவனுக்கு. ஆனாலும் நினைத்தான்.

அவசரப் பிரிவில், கழுத்துப் பட்டையோடு யேசோல் படுத்திருந்தாள். பட்டைக்குள்ளேயே கழுத்து வெட்ட முயன்றது. சூரான் குனிந்து, அவள் முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுவந்தாள்.

"நான் சூரான். உன் தலைக்குள்ள என்ன நடக்குதுன்னு எனக்குச் சொல்றியா? இழுக்கறதுக்கு முன்னாடி."

யேசோல் யோசித்தாள். "ஒரு கதவு."

"கதவா?"

"சரியாச் சாத்தாம இருக்கும். எனக்கு மட்டும் தெரியும். டக்குனு சாத்தற சத்தம் வர்ற வரைக்கும் இழுக்கணும். சில நாள் வரவே வராது."

"அடக் கொடுமையே. பள்ளிக்கூடத்துலயும் அந்தக் கதவு கூடவே வருமா?"

"கணக்கு கிளாஸ்ல காத்து ஜாஸ்தி" என்றாள் யேசோல். சூரான் சிரித்தாள். யேசோலும் சிரித்தாள்.

காலடியில் நின்ற வோன்சிக் அந்தச் சிரிப்பை இத்தனை மாதத்தில் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. எத்தனை தடவை இழுக்கிறது என்று ஒவ்வொரு முறையும் கேட்டிருக்கிறான். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டதில்லை. சூப் கடையில் அந்த உள் உறுத்தலைப் பற்றிச் சொன்னவன் அவன்தான்.

ஸ்கேன் வந்தது. தண்டுவடத்தில் ஓரிடம் நசுங்கி வீங்கியிருந்தது. இரவோடிரவாகக் கத்தி வைக்க வேண்டியதில்லை என்றார் நரம்பு அறுவை மருத்துவர். ஆனால் இழுப்பை உடனே அடக்க வேண்டும். அடங்காவிட்டால் வேறு வழியில்லை. இன்னும் ஒரு மாதம் இப்படியே விட்டிருந்தால் கை திரும்பியிருக்காது என்றும் சொன்னார்.

'ஒரு மாசம் மாத்திப் பார்ப்போம்' என்று காலையில் சொன்னது வோன்சிக்கின் காதுக்குள்ளேயே திரும்பக் கேட்டது.

நடைபாதையில் சூரான் யேசோலின் அப்பாவிடம் விளக்கினாள். தசைக்கு ஊசி, மருந்து, கூடவே பயிற்சி. எல்லாம் இன்றே தொடங்கும்.

"உங்க ஆராய்ச்சில சேர்த்துப்பீங்களா மேடம்?"

"முடியாதுங்க. இந்த நிலமைல சேர்க்கக் கூடாது. முன்னாடியே வந்திருந்தா சேர்த்திருப்பேன், இந்த அளவுக்கே வந்திருக்காது. ஆனா ஆராய்ச்சி வேற, வைத்தியம் வேற. அவ இப்ப என் நோயாளி. நான் பார்த்துக்கறேன்."

அப்பா தலையாட்டினார். பிறகு மூக்கைச் சுளித்து, அவளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் சட்டைக் கையில் மிளகாய்ச் சாந்து. அவன் கழுத்திலும் அதே சிவப்பு. ரெண்டு பேரிடமும் அதே பூண்டு வாடை.

"நீங்க ரெண்டு பேரும் ஒரே வீட்டுக் கிம்ச்சியா?"

"எங்க வீட்டுக்காரர்" என்றாள் சூரான்.

யேசோலின் அப்பாவுக்கு அது உடனே உள்ளே போகவில்லை. போனதும் முகம் மாறியது. "அப்ப ஏன் டாக்டர் காலைல அப்படிச் சொன்னீங்க?"

"என்ன சொன்னார்?" என்றாள் சூரான்.

அவர் மரியாதைக்காரர். தொப்பியைக் கசக்கினார். வோன்சிக்தான் வாயைத் திறந்தான்.

"உன்கிட்டப் போக வேண்டாம்னு சொன்னேன். பிள்ளைங்களை எலி மாதிரி வெச்சுப் பார்ப்பன்னு சொன்னேன்."

சூரானின் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தான். வரவில்லை. ஏதோ எடை கூடிய பொருளைக் கையில் வாங்கியதுபோல் அவள் தோள் ஒரு கணம் தாழ்ந்தது. "சரி" என்றாள். யேசோலுக்கு ஊசி போட உள்ளே போய்விட்டாள்.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். நடுவில் ஓர் இடம் விட்டு வோன்சிக் உட்கார்ந்தான். அவர் எழுந்து எதிர் வரிசைக்குப் போய், அவனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டார்.

சூரான் திரும்பி வந்தபோது வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது.

"ஊசி போட்டாச்சு. கொஞ்சம் தூங்கறா." அவன் எதிரில் நின்றாள், உட்காரவில்லை. "இதை நான் கிம்ச்சி வேலை முடிஞ்சதும் சந்தோஷமாச் சொல்லணும்னு இருந்தேன். ஆராய்ச்சியோட அடுத்த கட்டம் மருத்துவமனைல இல்ல, வெளியில இருக்கற கிளினிக்குங்கள்ல. அதை நடத்தற பொறுப்புக்கு உங்க பேரைக் கொடுத்திருக்கேன். எனக்குக் கீழ இல்ல, எனக்குச் சமமா. திங்கட்கிழமை குழு கூடுது."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"அந்தப் பேரை எடுக்கறதா வைக்கறதான்னு எனக்கு இப்பத் தெரியல. குழுவுல இன்னைக்கு நடந்ததை நான் மறைக்க மாட்டேன். அதையும் தெரிஞ்சுக்கிட்டு, இந்த வேலை உங்களுக்கு வேணுமா? சொல்லுங்க."

வேணும் என்று ஒரு சொல் சொன்னால் போதும். மன்னிச்சுடு என்று சொல்லலாம். ரெண்டும் தொண்டை வரை வந்தன. ஆனால் அவற்றுக்கு முன்னால் முந்திக்கொண்டு வந்தது வேறொன்று. இதுவும் அவள் கொடுப்பதுதானா?

"யோசிச்சுச் சொல்றேன்" என்றான் வோன்சிக். அந்தக் குரலைக் கேட்டு அவனே திடுக்கிட்டான்.

சூரான் கோட்டை எடுத்துக்கொண்டு, யேசோல் படுத்திருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.